கோட்டுக்குள் ஒரு கைப்பிடி

"தெரியுதோ?"

என் தையல் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். மற்ற ஆம்பிளைகள் கண்ணாடியைக் கண்டால் வயிற்றை உள்ளே இழுப்பார்கள், தோளை நிமிர்த்துவார்கள், வடிவாயிருக்கோ என்று கேட்பார்கள். இவர் கோட்டின் வலப்பக்கப் பொக்கற்றை மட்டும் பார்ப்பார். நேராக நின்று பார்ப்பார், சரிந்து நின்று பார்ப்பார், கீழே விழுந்த ஊசியைப் பொறுக்குகிறவர் மாதிரிக் குனிந்து நிமிருவார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

தெரிந்தால் தெரியுது என்று சொல்லிவிடுவேன். முகத்துக்காகப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. புருசனோடு ஒத்துப்போகாமல் பிரிந்ததற்கும் அதுதான் காரணம் என்று என் சொந்தக்காரர் சொல்லுவார்கள். சொல்லட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சுற்றிவளைக்கத் தேவையில்லை. நான் அவரை விரும்பினேன். நாற்பத்தைந்து வயது தாண்டிய பிறகு, கழுத்தில் அளவு நாடா தொங்க, வாய்க்குள் குண்டூசி இருக்க, விரும்பினேன். அவர் மனதிலும் அது இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரை எழுதமாட்டேன். தன் பெயர் நாலு பேர் கண்ணில் படுவது அவருக்குப் பிடிக்காது.

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஷ்லீரனில் நான் கடை திறந்தது 2009இல். திறந்த நேரம் சரியில்லை. ஊரில் கடைசிச் சண்டை நடந்த அந்த வருசம் எங்கள் சனம் ஒருவரும் புதுச் சேலைக்குச் சட்டை தைக்கத் தரவில்லை. கல்யாணங்களைக்கூடச் சத்தமில்லாமல் முடித்தார்கள். சுவிஸ்காரரின் காற்சட்டைகளுக்குக் கீழ் மடித்தும், திரைச்சீலைகளுக்கு விளிம்பு அடித்தும்தான் கடை வாடகை கட்டினேன். அவர் வந்தது அதற்கு இரண்டு மூன்று வருசம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம்.

அன்று உள்ளே ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் எனக்கு முதுகு காட்டி நின்றார். மழை சாடையாகத் தூறியது. பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண் வெளியேறிய பிறகு ஒரு செருமல் செருமிவிட்டு உள்ளே வந்தார். தோள் முழுக்க நனைந்திருந்தது.

"உள்ளுக்கு வந்து இருந்திருக்கலாமே, அண்ணை" என்றேன்.

"பொம்பிளைப்பிள்ளைக்கு அளவெடுக்கிறியள். நான் எப்பிடித் தங்கச்சி உள்ளுக்கு நிக்கிறது?"

முதற்கோணல் அதுதான். முன்பின் தெரியாத தமிழ் ஆம்பிளை கடைக்கு வந்தால் அண்ணை என்போம். அவர் பதிலுக்குத் தங்கச்சி என்பார். எங்கள் ஆட்களுக்கு அது வணக்கம் சொல்வது போல. ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டால் கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பையும் எறிந்த மாதிரித்தான். பிறகு மனம் வேறு பக்கம் போனாலும் வாய் அண்ணை என்றே நிற்கும். நானே என் வாயால் சாத்திய கதவு.

சாம்பல் நிறக் கோட். நல்ல கம்பளித் துணி. வலப்பக்கப் பொக்கற் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. இடம் விட்டுத் தைத்துத் தர முடியுமோ என்று கேட்டார். உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டேன். வேலைச் சாமான் என்றார். என்ன வேலை என்றேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

மணிக்கூடு செய்கிற பட்டறைகளுக்கும் நகைப் பட்டறைகளுக்கும் சின்னப் பெட்டிகளில் விலையான சாமான்கள் போய்வரும். அவற்றைச் சாதாரணக் காரில், சாதாரண உடுப்பில் கொண்டுபோகிற ஒரு பாதுகாப்புக் கம்பனியில் அவருக்கு வேலை. கூடவே ஒரு சின்ன ரிவால்வர். இடுப்பில் கட்டினால் கார் பெல்ட்டில் தடக்குமாம். அதனால் தோல் உறையோடு கோட் பொக்கற்றுக்குள் வைப்பார். இந்த நாட்டில் இலங்கைப் பாஸ்போட் வைத்திருக்கிறவர் துவக்கு வைத்திருக்கவே முடியாது, எங்கள் நாட்டின் பெயரைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் சுவிஸ் பிரஜையாகி, சோதனை எழுதி, சுட்டுக் காட்டி அனுமதி எடுத்தவர். இதையெல்லாம் ஏதோ களவெடுத்ததை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்.

"அனுமதி இருக்கெல்லோ. பேந்தேன் ஒளிக்கிறியள்?"

"துவக்கைக் கண்டா சனத்தின்ர முகம் மாறும் தங்கச்சி. ஊரில அந்த முகத்தை நான் கனக்கப் பாத்திட்டன். என்னாலயும் ஒரு முகம் அப்பிடி மாறக்கூடாது."

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டுமென்றால் இந்த வசனம் போதும். அவர் செய்தது எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். கடைக்குள் வரும்போது எனக்குத் திடுக்கிடக் கூடாதென்று செருமுவார். கதிரையை இழுக்கமாட்டார், தூக்கி வைப்பார். பஸ்ஸில் வலப்பக்கத்தைச் சுவரோடு வைத்துத்தான் நிற்பார், இடிபடுகிறவருக்கு இரும்பு தட்டுப்படக் கூடாதாம். ஒரு கல்யாண மண்டபத்தில் கண்டேன். அன்று துவக்கு கம்பனிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, மனிசன் அப்போதும் வலப்பக்கத்தைத் தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எந்தக் கல்யாணப் படத்திலும் அவர் முழுதாக இல்லை. பாதி தூணாகவும் பாதி அவராகவும்தான் இருப்பார்.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? இயக்கத்தில் இருந்தவராம், கை பழகினதாம் என்று கதைத்தார்கள். ஊரில் அவர் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். சுவிஸுக்கு வரும்வரை துவக்கைத் தொட்டதே இல்லை. ஒருத்தி என் கடையில் வந்து இருந்து இதையே குசுகுசுத்தபோது, "உன்ர சட்டையின்ர கழுத்தை எவ்வளவு இறக்கினதெண்டு நான் ஆருக்கும் சொன்னனானோ?" என்று கேட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் தைக்க வரவில்லை. நட்டமில்லை.

கோட்டைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பொக்கற்றின் உள்துணி ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து நூலாகியிருந்தது. அடுத்த முறை வந்தபோது காட்டினேன்.

"கோட்டில பிழையில்லை அண்ணை. உங்கட சாமானில ஒரு மூலை இருக்கு. அதுதான் துணியைத் தள்ளுது, தின்னுது."

அவர் யோசித்துவிட்டு, அது கைப்பிடி என்றார். பிடிக்கு ரப்பர் போட்டிருக்கிறதாம். ரப்பர் துணியில் ஒட்டி ஒட்டி இழுக்கும், கோட்டையே தூக்கும். எடுக்கிற நேரத்தில் பொக்கற்றும் சேர்ந்து வரும். அப்படியென்றால் மாற்றுங்கள் என்றேன். கைப்பிடி என்பது இரண்டு பக்கமும் இரண்டு துண்டு, நடுவில் ஓர் ஆணி. அதைத் திருகினால் கழன்றுவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு வருசத்துக்கு மேல் அவர் கைப்பிடி தேடினார். உண்மையான ரிவால்வரை என் கடைக்குள் அவர் ஒருநாளும் கொண்டுவரவில்லை. சூரிச்சில் ஆயுதக்கடை வைத்திருந்த ஒரு கிழவர், சுடமுடியாதபடி ஆக்கிய பழைய துவக்கு ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். அதே அளவு, அதே பாரம். அதில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பூட்டி, கோட்டுக்குள் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் வருவார். கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். தெரியுதோ?

மெல்லிய மரப்பிடி ஒன்று கொண்டுவந்தார். துளியும் தெரியவில்லை. எனக்குச் சந்தோசம். அவர் முகத்தில் அது இல்லை. பயிற்சிக்குப் போய்ச் சுட்டால் உள்ளங்கையில் உலக்கையால் இடித்த மாதிரி நோகிறதாம். சுண்டு விரலுக்கு நிற்க இடமே இல்லையாம். பிறகு விரலுக்கு விரல் பள்ளம் வைத்த தடித்த பிடி ஒன்று. கைக்குச் சொகுசு, ஆனால் கோட்டுக்குள் கத்தரிக்காய் வைத்த மாதிரிப் பிதுங்கியது. இன்னொன்று வழவழப்பான பிளாஸ்டிக். வியர்த்தால் வழுக்கியது. ஆயுதக்கடைக் கிழவர், சொகுசு வேண்டுமா, ஒளிக்க வேண்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று சொல்லிவிட்டாராம்.

"கை பெரிசு கேக்குது. கோட் சின்னன் கேக்குது. ரெண்டுக்கும் நடுவில நான் நிக்கிறன்" என்றார்.

அப்படிப் பகிடி விட்டால் தன் பகிடிக்குத் தானே சிரிக்கமாட்டார். நான் சிரிக்கிறேனா என்று மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கடைக்குப் போவேன். வேறு ஆட்கள் கடைக்குள் இருந்தால் அவர் வெளியில் நிற்பாரே என்று, அவர் வரும் நேரத்துக்கு ஒருவரையும் வரச்சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு யோசனை ஒன்று வந்தது. வால்நட் மரத்தில் சற்றே தடித்த பிடி ஒன்றை வாங்கி வாருங்கள், மினுக்காததாக இருக்கட்டும் என்றேன். கொண்டுவந்தார். பொக்கற்றின் உள்பக்கத்தை வெளியே எடுத்து நீலத் தையல் சோக்கால் நன்றாகத் தேய்த்தேன். திரும்ப உள்ளே தள்ளி, துவக்கைப் போட்டுக்கொண்டு நடவுங்கோ என்றேன். கடைக்குள் மேலும் கீழும் நடந்தார். இருந்தார், எழும்பினார். வெளியே எடுத்துப் பார்த்தால் மரத்தின் அடி மூலையில் மட்டும் நீலம் பிடித்திருந்தது.

"பாருங்கோ. துணியைத் தள்ளுறது இந்த மூலை. உங்கட கைக்கு வேண்டியது நடுவில இருக்கிற திரட்சி. அதை விட்டிட்டு இதைத் தேய்ப்பம்."

மெல்லிய அரத்தாளால் தேய்க்கத் தொடங்கினோம். நீலம் பிடித்த இடத்தைத் தேய்ப்பது, திரும்பச் சோக்குப் போடுவது, நடப்பது, பார்ப்பது, தேய்ப்பது. இடுப்பும் கையும் ஒத்துவரும் வரைக்கும் சட்டையை உடுத்தி உடுத்திப் பிரிக்கிறதில்லையா, அதே வேலைதான். சனிக்கிழமை சனிக்கிழமையாகச் செய்தோம். ஒரு துண்டு அவர் கையில், ஒரு துண்டு என் கையில். மேசையெல்லாம் மரத்தூள். கேத்திலில் தேத்தண்ணி. அவர் தபால் கந்தோர்க் கதை சொல்லுவார், நான் ஊரில் தையல் பழகும்போது வாங்கிய அடி உதையெல்லாம் சொல்லுவேன். என் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்த காலம் எது என்று கேட்டால், மற்றவர்கள் கல்யாணப் படத்தைக் காட்டுவார்கள். நான் ஒரு துண்டு அரத்தாளைக் காட்டுவேன்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் வாய் தவறியது. அவர் முதுகு காட்டிக் கேத்திலுக்குத் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணை என்று கூப்பிடக் கொஞ்ச நாளாகவே எனக்கு வாய் வருவதில்லை. ஒன்றும் சொல்லாமல் கதைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்று தூள் கண்ணில் விழுந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சேருங்கோ, அந்தத் துணியை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றேன்.

இஞ்சேருங்கோ என்பது எங்கள் ஊரில் பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற சொல். சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. அவர் துணியின் நுனியைத் தண்ணியில் நனைத்துப் பிழிந்து என் கையில் வைத்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமையோடு அவர் வாயிலிருந்து தங்கச்சி நின்றுபோனது. அவரும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே கதைக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். வெளியாள் கேட்டிருந்தால் சண்டை பிடித்த ஆட்கள் என்று நினைத்திருப்பார்.

கைப்பிடி முடிந்தது. ஆளி விதை எண்ணெய் பூசிக் காயவிட்டு அவர் பூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார், சரிந்தார்.

"தெரியுதோ?"

"தெரியேல்லை."

"கையும் நோகேல்லை" என்றார். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்துக் கண்டேன்.

இத்தனையும் ஏன் தேடினார் என்பதை நான் அவர் வாயால் அறியவில்லை. அவர் கோட்டின் தெறிகள், அதுதான் பட்டன்கள், சொல்லின. தெறி பூட்டும்போது ஆட்கள் கீழே பார்ப்பதில்லை, கை தானாகச் செய்துவிடும். இவர் பார்த்தார். ஒரு தெறிக்கு மூன்று தடவை முயன்றார். வலது கை விரல்கள் தெறியைச் சுற்றி நின்று நடுங்கின. நான் பார்ப்பதைக் கண்டதும் கையைப் பொக்கற்றுக்குள் விட்டார். அந்தக் கையை அவர் எப்போதும் பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருந்ததன் காரணம் அப்போது விளங்கியது. துவக்குக்காக என்றல்லவா நினைத்திருந்தேன். பிடி தளர்ந்துகொண்டு போகிற கைக்குத்தான் பெரிய கைப்பிடி தேவைப்பட்டிருக்கிறது.

கேட்டிருக்கலாம். கேட்டால் வெட்கப்பட்டு வராமல் விட்டுவிடுவார் என்று பயம். அவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். உள்துணி தைக்கத் தந்த கோட்டில் தெறிகளை வெட்டி வெளிப்பக்கத்தில் அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே பிரஸ் பட்டன் வைத்தேன். பார்த்தால் தெறி பூட்டிய கோட். பூட்டுவதற்கு உள்ளங்கையால் ஓர் அழுத்தம் போதும்.

வந்து போட்டார். வழமைபோல் குனிந்து தெறியைத் தேடினார். கை நின்றது. உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். ஒன்று. அடுத்தது. அடுத்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"தெரியேல்லை" என்றார்.

"தெரியாது" என்றேன்.

அவர் கோட்டோடு வெளியே போனார். அன்று இரவு, இந்த மனிசன் ஒரு சொல் சொன்னால் போதும், நான் வீட்டுத் திறப்பையே கொடுத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அனுமதி முடிகிற காலம் வந்தது. புதுப்பிக்க வேண்டும், திரும்பச் சுட்டுக் காட்ட வேண்டும். நான் அவரைவிட அந்தச் சோதனைக்குப் பயந்தேன். அவர் சோதனைக்கே போகவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கடைக்கு வந்தார்.

"சோதினை எழுதிப் பாத்திருக்கலாமே. நல்ல நாளில கை நல்லாத்தானே இருக்கு."

"நல்ல நாளில பாஸ் பண்ணிடுவன். கூடாத நாளில சுடவேண்டி வந்தா? பக்கத்தில நிக்கிற ஆருக்கோ படும்."

நான் கோட்டைப் பார்த்தேன். இத்தனை வருசம் பாரம் இழுக்க இழுக்க நான் அதற்கேற்ற மாதிரி வலப்பக்கத்தைத் திருத்தி வைத்திருந்தேன். இப்போது பாரமில்லாமல் அந்தப் பக்கம் மேலேறி நின்றது. அவரும் ஒரு பக்கம் சரிந்துதான் நின்றார்.

"நடக்கேக்க என்னவோ மாதிரிக் கிடக்கு. ஆரோ கூட வந்த ஆள் இல்லாத மாதிரி" என்றார்.

திரைச்சீலை பறக்காமல் இருக்க விளிம்புக்குள் ஈயச் சரடு வைப்போம். அதில் ஒரு நீளத்தை வெட்டிச் சுருட்டி, பொக்கற்றுக்கும் உள்துணிக்கும் நடுவில் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது.

"துவக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ரெண்டையும், என்ரையையும் இரவலையும், ஆயுதக்கடைக் கிழவரிட்டையே குடுத்திட்டன்."

"எங்கட கைப்பிடி?"

எங்கட என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "அது போற இடத்துக்குப் போயிட்டுது" என்றார்.

எத்தனை சனிக்கிழமை. எத்தனை தேத்தண்ணி. ஓர் ஆணியைத் திருகிக் கழற்றி எடுக்க இவருக்கு மனம் வரவில்லையா? அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமைகள் இவருக்குக் கைப்பிடி தேய்த்த நாட்கள்தானா? கோபத்தில் மிசினின் மூடியை டப்பென்று போட்டேன். லோசான் நகரில் இருக்கும் தன் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்குப் போவதாக அப்போதுதான் சொன்னார். ஒற்றைக் கையால் தனிய இருக்க முடியாதாம், அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், பார்த்துக்கொள்வாளாம்.

வாசலில் போய் நின்றவர் திரும்பி வந்தார். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு ஊசியும் கொஞ்ச நூலும் தருவியளோ?"

"என்னத்துக்கு?"

"சும்மா. கிடக்கட்டும். கோட்டின்ர நிறத்தில தாங்கோ."

"தைக்கிறதெண்டா இஞ்ச கொண்டு வாங்கோ. உங்கட கையால என்னத்தைத் தைப்பியள்?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை. சாம்பல் நூல்கட்டை ஒன்றையும் ஊசியையும் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கி இடப்பக்கப் பொக்கற்றுக்குள் வைத்தார். போயிட்டு வாறன் என்றார். வாங்கோ என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பஸ் தரிப்பிடத்தில், வலப்பக்கத்தைச் சுவரோடு வைத்து நின்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

ஷ்லீரனிலிருந்து ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு லோசானில் நிற்கலாம். ஏன் போகவில்லை என்று என்னை நானே கனக்கக் கேட்டிருக்கிறேன். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆள் நான் இல்லை. பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் போன் எடுப்பார். சுகமோ, கடை ஓடுதோ, குளிரோ. குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டு போனது. நான் கடையில் நிற்கிறேன் என்பேன். என்ர கண்ணாடி அங்க நிக்குதோ என்று ஒருமுறை கேட்டார். நிக்குது என்றேன். வேறென்ன சொல்லுவேன்? சனிக்கிழமைகளில் கண்ணாடியைத் துடைக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரியே இருக்கும். யாராவது வெளியே செருமினால் கை நின்றுவிடும். அவர் போய் எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

ஒரு சித்திரை மாதம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அவரின் நாடியும் நெற்றியும் அவளிடம் இருந்தன. கையில் சாம்பல் கோட். அவள் வாய் திறக்க முதல் எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை மாசியில மோசம் போயிட்டார் அக்கா. நித்திரையிலதான். ஒருத்தரையும் கரைச்சல் படுத்தேல்லை."

கதிரையில் இருந்தேன். ஒருத்தரையும் கரைச்சல் படுத்தாமல்தான் போயிருப்பார். அது எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"இதை என்ர மகன் போடக் கேக்கிறான். ஒரு பக்கம் பாரமாக் கிடக்குது, அதை எடுக்கவேணும். அண்ணை சொல்லி வைச்சவர், இந்தக் கோட்டைப் பிரிக்கிறதெண்டா ஷ்லீரன்ல உங்களிட்டைத்தான் குடுக்கவேணுமெண்டு. வேறை ஆரும் தொடக்கூடாதாம்."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்துணியைத் திருப்பினேன். என் தையலை எனக்குத் தெரியாதா? நான் ஈயம் வைத்துத் தைத்த இடத்தில் என் தையல் இல்லை. யாரோ பிரித்துத் திரும்பத் தைத்திருந்தார்கள். சாம்பல் நூல். ஒரு தையல் நீளம், ஒரு தையல் கட்டை. சில இடத்தில் ஒரே ஓட்டைக்குள் நாலைந்து தரம் ஊசி போய்வந்திருந்தது. அவளும் குனிந்து பார்த்தாள்.

"இதை ஆரக்கா தைச்சது? அண்ணைக்குக் கரண்டியே பிடிக்கேலாது, நான்தான் தீத்தினனான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "எங்கட வீட்டை வந்த புதுசில ஒருநாள் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தவர். பாத்தா விரலெல்லாம் குத்துப்பட்ட காயம். கேட்டா ஒண்டுமில்லை எண்டார்."

பிரித்தேன். ஈயச் சரடு அப்படியே இருந்தது. அதற்குள் துணியில் சுற்றி, வால்நட் கைப்பிடியின் இரண்டு துண்டும், நடுவில் போகிற அந்த ஆணியும்.

துவக்கைக் கொடுக்கும்போது பழைய ரப்பரைப் பூட்டிக் கொடுத்துவிட்டு இதைக் கழற்றி வைத்திருக்கிறார். என் முகத்துக்கு நேரே போயிட்டுது என்று சொன்னபோது இது அவர் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்தான் இருந்திருக்கும். பிறகு என்னிடமே ஊசி வாங்கி, பிடிக்கமுடியாத விரலால் குத்துப்பட்டுக் குத்துப்பட்டுத் தைத்து, நான் வைத்த பாரத்துக்குள் இதையும் வைத்துக்கொண்டு லோசான் தெருவெல்லாம் நடந்திருக்கிறார். ஒருத்தருக்கும் தெரியாமல்.

அவளுக்கு முன்னால் நான் அழவில்லை. இது கோட் சரியாக விழுவதற்கு வைத்த பாரம், நான் எடுத்துவிடுகிறேன் என்றேன். வலப்பக்கத்தை இறக்கி அவள் மகனின் அளவுக்குத் திருத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஏனக்கா என்று கேட்டாள். உங்கட அண்ணை எனக்குத் தெரிஞ்ச ஆள் என்றேன். தெரிஞ்ச ஆள். வாய்க்கு அதுதான் வந்தது.

அவள் போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கைப்பிடியை ஆணி போட்டுச் சேர்த்துக் கையில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் அவர் உள்ளங்கைக்காக நான் விட்டுவைத்த திரட்சி என் கைக்குப் பெரிது. அடி மூலை வழுவழுவென்று இருந்தது.

என் மாரிக்காலக் கோட்டின் வலப்பக்கப் பொக்கற்றுக்கு உள்துணி பிரித்து, அதற்குள் வைத்து, சாம்பல் நூலால் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நேராக நின்று பார்த்தேன். சரிந்து நின்று பார்த்தேன். ஊசி பொறுக்குகிற மாதிரிக் குனிந்து நிமிர்ந்தேன்.

"இஞ்சேருங்கோ, தெரியுதோ?"

தெரியவில்லை. எப்படித் தெரியும்? இரண்டு பேருமாக அவ்வளவு தேய்த்திருக்கிறோம்.